வேங்கடத்துக் கல்வெட்டும் கணிப்பொறிச் சாளரமும்: திருப்பதி – சித்தூர்ப் பன்மொழிச் சூழலின் நோக்கில் வரைகலை இடைமுகக் கருவித்தொகுதிகளின் வரலாறு

முன்னுரை

தமிழ் வழங்கும் நிலத்தின் வட எல்லையாகத் தொல்காப்பியச் சிறப்புப்பாயிரம் வேங்கடத்தைச் சுட்டுகிறது. அவ்வேங்கட மலையைத் தன்னகத்தே கொண்ட திருப்பதியும் அதனை அடுத்த சித்தூரும் இன்று ஆந்திரப் பிரதேசத்தின் பகுதிகளாக விளங்குகின்றன. 1911ஆம் ஆண்டு ஏப்ரல் 1ஆம் நாள் சென்னை மாகாணத்தில் சித்தூர் மாவட்டம் உருவாக்கப்பட்டது. 1953இல் அதன் பெரும்பகுதி ஆந்திர மாநிலத்தைச் சேர்ந்தது. 1960 ஏப்ரல் 1ஆம் நாள் திருத்தணி சென்னை மாநிலத்திற்குத் திரும்பியது. 2022 ஏப்ரல் 4ஆம் நாள் திருப்பதி தனி மாவட்டமாயிற்று. ஆட்சி எல்லைகள் இவ்வாறு பலமுறை மாறியபோதும், தமிழும் தெலுங்கும் ஒரே தெருவில், பல வேளைகளில் ஒரே வீட்டில், வழங்கும் நிலை மாறவில்லை. 1954இல் தோன்றிய திருவேங்கடவன் பல்கலைக்கழகமும், 1997இல் குப்பத்தில் நிறுவப்பட்ட திராவிடப் பல்கலைக்கழகமும் இப்பன்மொழிச் சூழலின் நடுவே அமைந்தவை.

இத்தகைய சூழலில் ஆவணம் ஒன்றைக் கணிப்பொறியில் தொகுக்க முற்படுவோர்க்கு ஓர் அடிப்படைத் தேவை உண்டு. ஒரே சாளரத்தில், ஒரே வரியில், தமிழும் தெலுங்கும் பிழையின்றித் தோன்ற வேண்டும். அவ்வாறு தோன்றுமா என்பது அச்செயலி எந்த வரைகலை இடைமுகக் கருவித்தொகுதியைக் கொண்டு கட்டப்பட்டது என்பதைப் பெரிதும் சார்ந்தது. கருவித்தொகுதித் தேர்வு பொறியாளர்க்கே உரிய செய்தி என்னும் எண்ணம் பரவலாக உள்ளது. ஆயின் அத்தேர்வின் வரலாற்றை நோக்கினால், எழுத்தை அமைக்கும் பொறுப்பு யாருடையது என்னும் வினாவே அதன் உட்பொருளாக இருந்து வந்துள்ளமை புலனாகும். அப்பொறுப்பு வன்பொருளிலிருந்து எழுத்துருவிற்கும், எழுத்துருவிலிருந்து கருவித்தொகுதிக்கும், கருவித்தொகுதியிலிருந்து பொது இயந்திரம் ஒன்றிற்கும் நகர்ந்த வரலாற்றை ஆராய்வதும், அவ்வரலாறு தமிழாய்வுக்கு உணர்த்துவதை எடுத்துரைப்பதும் இக்கட்டுரையின் நோக்கங்களாகும்.

திருமலைக் கல்வெட்டுகள் முன்வைக்கும் தேவை

திருமலை – திருப்பதிக் கோயில்களின் கல்வெட்டுகளைத் தேவத்தானத்தார் சாது சுப்பிரமணிய சாத்திரி முதலானோரைக் கொண்டு 1930களில் பல தொகுதிகளாக வெளியிட்டனர். ஏறத்தாழ ஆயிரத்துக்கும் மேற்பட்ட அக்கல்வெட்டுகளுள் மிகப் பெரும்பான்மையானவை தமிழில் அமைந்தவை. சாமவை என்னும் அரசமாதேவி வெள்ளித் திருமேனி ஒன்றை அளித்த செய்தியைக் கூறும் கல்வெட்டு அவற்றுள் புகழ்பெற்றது. விசயநகரக் காலத்தில் தெலுங்கும் கன்னடமும் தமிழோடு உடன்வருகின்றன. தமிழ்க் கல்வெட்டுகளிலும் வடசொற்கள் கிரந்த எழுத்தில் பொறிக்கப்பட்டுள்ளன. நிலம், பொன், நெல் ஆகியவற்றின் அளவுகள் எண் குறியீடுகளாலும் பின்னக் குறியீடுகளாலும் சுட்டப்படுவது கல்வெட்டு மரபு.

இக்கல்வெட்டுகளைப் பதிந்து, தேடி, ஒப்பிட உதவும் மேசைக்கணினிச் செயலி ஒன்றை எண்ணிப் பார்த்தால் அதன் தேவைகள் விளங்கும். தமிழ், கிரந்தம், தெலுங்கு, கன்னடம் என்னும் நான்கு எழுத்து முறைகளும் பழைய குறியீடுகளும் ஒரே உரைப்பெட்டியில் இடம்பெற வேண்டும். தமிழை மட்டும் காட்டவல்ல செயலி பாடத்தின் ஒரு பகுதியையே காட்டும். எனவே வரைகலைக் கருவித்தொகுதி எதன் வலிமையையும் அளந்தறிவதற்குத் திருமலைக் கல்வெட்டு ஏற்ற உரைகல்லாக அமைகிறது.

எழுத்து முறைகளின் தன்மை வேறுபாடும் இங்கு நினையத்தக்கது. தமிழில் கூட்டெழுத்து அருகியே வரும். எனினும் எ, ஏ, ஐ ஆகியவற்றின் குறிகள் மெய்க்கு முன்னும், ஒ, ஓ, ஔ ஆகியவற்றின் குறிகள் மெய்யின் இருபுறமும் நிற்கும். ஒலிப்பில் பின்வரும் உயிர் எழுத்தில் முன்நிற்கும் இம்முறையை ஆங்கிலத்திற்கென அமைந்த கருவி அறியாது. தெலுங்கிலோ இரண்டாம் மெய் முதல் மெய்யின் கீழ் வேறு வடிவம் கொண்டு அமரும். எனவே தமிழைத் தாங்கிய கருவி தெலுங்கையும் தாங்கும் என்று கொள்வதற்கில்லை.

கருவித்தொகுதி: பொருளும் தோற்றமும்

பொத்தான், பட்டி, உரைப்பெட்டி, உருள்பட்டை முதலிய சாளர உறுப்புகளை ஒவ்வொரு செயலிக்கும் புதிதாக வரையாமல், ஆயத்த உறுப்புகளாக எடுத்துப் பயன்படுத்த உதவும் நிரற்றொகுப்பே வரைகலை இடைமுகக் கருவித்தொகுதி எனப்படும். தச்சர் நிலைக்கதவைத் தாமே செதுக்காது ஆயத்தமாகப் பெற்றுப் பொருத்துவதை ஒத்தது இது. பெற்ற கதவின் அளவுக்கு வீட்டின் வாயில் அடங்கும். அதுபோலவே தேர்ந்த கருவித்தொகுதியின் எல்லைக்குள் செயலி அடங்கும்.

செராக்ஸ் நிறுவனத்தின் பாலோ ஆல்ட்டோ ஆய்வு மையம் 1973இல் உருவாக்கிய ஆல்ட்டோ என்னும் கணிப்பொறியில் சாளரமும் சுட்டியும் கொண்ட இடைமுகத்தின் தொடக்கத்தைக் காணலாம். 1984இல் ஆப்பிளின் மெக்கின்டோசும், அதே ஆண்டில் மாசசூசெட்ஸ் தொழில்நுட்ப நிறுவனத்தில் எக்ஸ் சாளர அமைப்பும், 1985இல் மைக்ரோசாப்ட் விண்டோசும் தோன்றின. இவற்றின் மீது செயலிகளைக் கட்டுவதற்குக் கருவித்தொகுதிகள் எழுந்தன. பெர்க்கிலியில் ஜான் அவுஸ்டர்அவுட் உருவாக்கிய டிகே, 1992இல் எடின்பரோ பல்கலைக்கழகத்தில் ஜூலியன் ஸ்மார்ட் தொடங்கிய டபிள்யூஎக்ஸ், நார்வேயில் ஹாவர்ட் நோர்ட், ஐரிக் சாம்பே-எங் ஆகியோர் ஆக்கி 1995இல் வெளியிட்ட கியூட், ஜிம்ப் என்னும் படச் செயலிக்காகப் பெர்க்கிலி மாணவர்களான ஸ்பென்சர் கிம்பல், பீட்டர் மாட்டிஸ் ஆகியோர் எழுதிய ஜிடிகே ஆகியன இவற்றுள் குறிப்பிடத்தக்கன. இவை அனைத்தும் இலத்தீன் எழுத்தை மனத்திற்கொண்டு தொடங்கியவை. ஓர் எழுத்துக்கு ஒரு குறி, ஒரு குறிக்கு ஒரு வடிவம், இடமிருந்து வலமாக ஒன்றன்பின் ஒன்று என்பதே அவற்றின் தொடக்ககால இலக்கணமாக இருந்தது.

வன்பொருள் தாங்கிய எழுத்து

சாளர இடைமுகம் இந்தியாவில் பரவுமுன் இந்திய எழுத்துகளைத் திரையில் காட்டும் பொறுப்பை வன்பொருள் ஏற்றது. கான்பூர் இந்தியத் தொழில்நுட்பக் கழகத்தில் தொடங்கிய ஆய்வின் பயனாக, புனேயில் சி-டாக் நிறுவனம் 1980களின் இறுதியில் ஜிஸ்ட் அட்டையை வெளியிட்டது. 1991இல் இந்தியத் தர நிறுவனம் ஏற்ற இஸ்கி குறிமுறை இந்திய எழுத்துகள் அனைத்துக்கும் பொதுவான ஒரே குறிவரிசையைக் கொண்டிருந்தது. தமிழ்க் ககரமும் தெலுங்குக் ககரமும் ஒரே எண்ணைப் பெற்றன. எந்த எழுத்தில் காட்டவேண்டும் என்பதைத் தனிக்குறி ஒன்று உணர்த்தியது.

1991இல் வெளிவந்த ஒருங்குறியின் முதற்பதிப்பு இஸ்கியின் வரிசையைப் பின்பற்றியபோதும், ஒவ்வோர் எழுத்து முறைக்கும் தனித்தொகுதி அளித்தது. தமிழ்க் ககரத்தின் குறியெண்ணோடு 128ஐக் கூட்டினால் தெலுங்குக் ககரம் கிடைக்கும். இவ்விணை அமைப்பு எல்லைப்பகுதிக்கு நன்மை பயப்பது. இரண்டு எழுத்துகளும் ஒரே கோப்பில் மயக்கமின்றி நிற்க இடம் ஏற்பட்டது. எனினும் குறியெண்ணை வைத்துக்கொண்டு எழுத்தை அமைத்துக் காட்டவல்ல கருவித்தொகுதி அன்று இல்லை. இடம் ஒதுக்கப்பட்ட 1991ஆம் ஆண்டுக்கும் அங்கு எழுத்து குடியேறிய 2000ஆம் ஆண்டுக்கும் இடைப்பட்ட காலமே தமிழ்க் கணிமையின் நெருக்கடிக் காலம் எனலாம்.

எழுத்துரு உத்தியின் காலம்

கருவித்தொகுதி தமிழை அறியாத நிலையில், தமிழை ஆங்கிலம்போல் தோன்றச் செய்து அதனை ஏமாற்றும் உத்தி கையாளப்பட்டது. 8 பிட் எழுத்துருவின் 256 இடங்களில் தமிழ் வடிவங்களை நிரப்பினர். கொம்பு ஓர் இடம், ககரம் ஓரிடம், கால் ஓரிடம் எனக் கண்ணுக்குத் தோன்றும் வரிசையிலேயே சேமித்தனர். 247 எழுத்துகளும் வடிவக் கூறுகளாகப் பகுக்கப்பட்டு இவ்விடங்களில் அடங்கின. இதனால் எந்தக் கருவித்தொகுதியைக் கொண்டும் தமிழ்ச் செயலி ஆக்க இயன்றது. மலேசியாவில் முத்து நெடுமாறன் 1980களின் நடுவில் தொடங்கிய முரசு அஞ்சல் போன்ற முயற்சிகள் தமிழரைக் கணிப்பொறிக்கு அழைத்து வந்தமை இக்காலத்தின் பெரும்பயன்.

எழுத்துருதோறும் இடவமைப்பு வேறுபட்டதால் தரப்பாடு தேவைப்பட்டது. 1997 தொடங்கித் தமிழ் ஆர்வலர் உலகளாவிய கலந்துரையாடலின் வழியே திஸ்கியை உருவாக்கினர். 1999 பிப்ரவரியில் சென்னையில் நடந்த தமிழ்நெட் 99 மாநாட்டையொட்டித் தமிழக அரசு தாம், தாப் என்னும் இரு குறிமுறைகளையும் தமிழ்99 விசைப்பலகையையும் ஏற்றது. இவற்றுள் திஸ்கியும் தாப்பும் இருமொழிக் குறிமுறைகள் எனப்பட்டன. இருமொழி என்று அங்குக் கருதப்பட்டவை தமிழும் ஆங்கிலமும் ஆகும். 256 இடங்களில் பாதி ஆங்கிலத்துக்கும் பாதி தமிழுக்கும் போய்விட்டால் தெலுங்குக்கு இடமில்லை. சித்தூரின் இருமொழிக்கும் சென்னையின் இருமொழிக்கும் இடையே இருந்த இவ்வேறுபாடு அக்கால விவாதங்களில் போதிய கவனம் பெறவில்லை.

இக்காலத்தில் மேசைக்கணினிச் செயலிகளை ஆக்குதற்கு இந்தியாவில் பெரிதும் கையாளப்பட்ட கருவிகளுள் ஒன்று விசுவல் பேசிக். 1991இல் தோன்றிய அதன் 6ஆம் பதிப்பு 1998இல் வந்தது. அதன் சாளர உறுப்புகள் உரையைத் திரைக்கு அனுப்புமுன் விண்டோசின் 8 பிட் குறிப்பக்கத்துக்கு மாற்றின. தாய், அரபு முதலிய மொழிகளுக்குக் குறிப்பக்கம் இருந்தது. தமிழுக்கும் தெலுங்குக்கும் மைக்ரோசாப்ட் குறிப்பக்கம் வகுக்கவில்லை. ஆகவே ஒருங்குறித் தமிழை அவ்வுறுப்புகளில் இட்டால் எழுத்துதோறும் ஒரு வினாக்குறியே தோன்றிற்று. எழுத்துரு உத்தியில் ஆங்கிலமாக வேடமிட்ட தமிழ் நன்கு தோன்றியது. தன் உருவில் வந்த தமிழ் தோன்றவில்லை. டெல்பி என்னும் கருவியின் சாளர உறுப்புகளும் 'டெல்பி 2009' என்னும் பதிப்பு வரை முழுமையான ஒருங்குறி ஏற்பைப் பெறவில்லை. கருவித்தொகுதித் தேர்வு எழுத்தின் வாழ்வைத் தீர்மானித்தமைக்கு இதனினும் தெளிவான சான்று வேண்டுவதில்லை.

விளைவுகள் மூன்று. முதலாவது, குறித்த எழுத்துரு இல்லையேல் உரை பொருளற்ற குறிகளாகத் தோன்றியது. இரண்டாவது, தேடலும் அகரவரிசையும் வடிவக் கூறுகளின் அடிப்படையில் நடந்தமையால் பிழைபட்டன. மூன்றாவது, தெலுங்கும் தமிழும் கலந்த உரையில் எழுத்துரு மாற்றமே மொழி மாற்றமாக இருந்தது. எழுத்துருக் குறிப்பை இழந்த கோப்பில் எது தமிழ், எது தெலுங்கு என்று பிரித்தறியவே இயலாது. இவ்வகையில் பதியப்பட்ட ஆய்வேடுகளும் சொல்லடைவுகளும் களத்தரவுகளும் குறிமாற்றிகளின் துணையின்றிப் படிக்க இயலாதனவாக எஞ்சின.

பொறுப்பு கருவித்தொகுதிக்கு மாறுதல்

2000ஆம் ஆண்டுக்கும் 2003ஆம் ஆண்டுக்கும் இடைப்பட்ட காலம் திருப்புமுனையாக அமைந்தது. எழுத்தின் அடிப்படைக் குறிகளை மட்டும் சேமித்து, வடிவமைப்பைக் காட்சி நேரத்தில் செய்யும் முறை நடைமுறைக்கு வந்தது. இதனை எழுத்தமைவு எனலாம். மைக்ரோசாப்ட் யூனிஸ்கிரைப் என்னும் எழுத்தமைவுப் பகுதியை இயங்குதளத்தினுள் வைத்தது. 2000ஆம் ஆண்டு வந்த விண்டோஸ் 2000, தேவநாகரிக்கு மங்கள் எழுத்துருவையும் தமிழுக்கு லதா எழுத்துருவையும் கொண்டிருந்தது. தெலுங்குக்குரிய கௌதமியும் கன்னடத்துக்குரிய துங்காவும் 2001இல் வந்த எக்ஸ்பி பதிப்பில்தான் இடம்பெற்றன. தமிழ்நாட்டில் தமிழுக்குப் போதுமானதாயிருந்த இயங்குதளம், எல்லை கடந்த திருப்பதியின் இருமொழித் தேவைக்கு அடுத்த பதிப்பு வரும்வரை போதவில்லை.

கட்டற்ற மென்பொருள் உலகில் இம்மாற்றம் கருவித்தொகுதிகளின் உள்ளேயே நிகழ்ந்தது. ஓவன் டெய்லர், ராஃப் லீவியன் ஆகியோர் தொடங்கிய பாங்கோ என்னும் எழுத்தமைவு நூலகம், 2002 மார்ச்சில் வந்த ஜிடிகே 2.0இன் பகுதியாயிற்று. 'எல்லாம்' என்னும் பொருளுடைய கிரேக்கச் சொல்லையும் 'மொழி' என்னும் பொருளுடைய சப்பானியச் சொல்லையும் இணைத்து அதற்குப் பெயரிட்டனர். எல்லா மொழிகளும் என்னும் குறிக்கோளைப் பெயரிலேயே தாங்கிய நூலகம் அது. கியூட் தன் 3ஆம் தலைமுறைப் பதிப்புகளின் காலத்தில் லினக்சில் இந்திய எழுத்துகளுக்கு அமைவு வழங்கியது. அதற்கு முன்னரே, திஸ்கிக்கும் ஒருங்குறிக்கும் இடையே மாற்றித்தரும் குறிமாற்றி ஒன்று அத்தொகுதியில் இடம்பெற்றிருந்தது. நார்வேயில் தோன்றிய கருவித்தொகுதி ஒன்று தமிழரின் தன்னார்வத் தரத்தை உள்வாங்கியமை குறிப்பிடத்தக்கது. இவ்வடித்தளத்தின் மேல் கேடீஈ, நோம் ஆகிய மேசைத்தளங்களைத் தமிழகத்திலும் ஈழத்திலும் புலம்பெயர் நாடுகளிலும் இருந்த தன்னார்வலர் தமிழாக்கினர்.

வேறொரு வழியும் முயலப்பட்டது. மும்பையிலிருந்த தேசிய மென்பொருள் தொழில்நுட்ப மையம் இண்டிக்ஸ் என்னும் திட்டத்தில் எழுத்தமைவை எக்ஸ் சாளர அமைப்பினுள்ளேயே வைக்க முற்பட்டது. அவ்வாறாயின் எந்தக் கருவித்தொகுதியாயினும் இந்திய எழுத்தைத் தானாகவே பெறும் என்பது அதன் கருத்து. கருத்தளவில் சிறப்புடையதாயினும், கருவித்தொகுதிகள் தத்தம் எழுத்தமைவைத் தாமே ஏற்கும் போக்கே நிலைபெற்றது. சி-டாக் நிறுவனத்தின் சென்னைப் பிரிவு 2007இல் வெளியிட்ட பாஸ் லினக்ஸ், நோம் மேசைத்தளத்தை மேற்கொண்டது. இந்திய மொழிகளை நோக்கமாகக் கொண்ட அவ்வியங்குதளம் பாங்கோவின் அடித்தளத்தில் நின்றது என்பது கருதத்தக்கது.

மெய்யும் புள்ளியும்: டேஸ்16 விவாதம்

ஒருங்குறியில் அகரமேறிய மெய் அடிப்படைக் குறியாகவும் புள்ளி அதனோடு சேரும் தனிக்குறியாகவும் அமைந்துள்ளன. தமிழ் இலக்கண மரபோ மெய்யையும் உயிரையும் முதலெழுத்துகளாகக் கொண்டு, அவற்றின் சேர்க்கையாக உயிர்மெய்யைக் காண்கிறது. இம்முரண்பாட்டைச் சுட்டி, ஒவ்வோர் உயிர்மெய்க்கும் தனிக்குறி வேண்டும் என்று வாதிட்டோர் டேஸ்16 என்னும் 16 பிட் குறிமுறையை முன்வைத்தனர். 2010 சூனில், கோவைச் செம்மொழி மாநாட்டின்போது, தமிழக அரசு ஒருங்குறியையும் டேஸ்16ஐயும் தரங்களாக அறிவித்தது.

கருவித்தொகுதியின் நோக்கில் இவ்விவாதத்தை எடைபோடலாம். டேஸ்16இல் எழுத்தமைவு வேண்டுவதில்லை. எனவே எழுத்தமைவு அறியாத எளிய கருவித்தொகுதியிலும் அது பிழையின்றித் தோன்றும். அகரவரிசைப்படுத்தலும் எழுத்தெண்ணுதலும் எளிதாகும். அச்சகத்துக்கும் மொழிக்கணிமைக்கும் இவை உண்மையான நன்மைகள். ஆயின் அது ஒருங்குறியின் தனிப்பயன் பகுதியில் அமைந்தமையால், அக்குறிகள் தமிழ் எழுத்துகள் என்பதைக் கருவித்தொகுதி அறிய வழியில்லை. மாற்று எழுத்துருத் தேர்வும் சொற்பிரிப்பும் பார்வையற்றோர்க்குரிய திரைவாசிப்பும் அதன்மேல் தாமாக இயங்கா. தெலுங்கு, கன்னடம் ஆகியவற்றுக்கு எழுத்தமைவு எப்படியும் தேவைப்படுவதால், எல்லைப்பகுதிச் செயலி ஒன்றுக்கு எழுத்தமைவைத் தவிர்க்கும் வாய்ப்பே இல்லை. இலக்கண மரபுக்கு இசைந்த குறிமுறை என்னும் கோரிக்கை நேர்மையானது. அதனைச் சேமிப்பில் வற்புறுத்துவதைவிட, உள்ளே நிகழும் பகுப்பாய்வில் நிறைவேற்றிக்கொள்வது பன்மொழிச் சூழலுக்கு ஏற்றது.

பொது இயந்திரமும் எஞ்சிய இடைவெளிகளும்

கியூட்டும் பாங்கோவும் ஒரே பணியைத் தனித்தனியே செய்துவந்தமையால், ஒன்றில் சரியாகத் தோன்றிய எழுத்து மற்றொன்றில் பிழைபட்டது. 2006 அளவில் இவ்விரு தரப்பாரும் பொது எழுத்தமைவு இயந்திரம் ஒன்றை நோக்கி நகர்ந்தனர். பாரசீக மொழியில் 'திறந்த எழுத்து' என்னும் பொருள்பட ஹார்ஃப்பஸ் எனப் பெயரிடப்பட்ட அதனைப் பெஹ்தாத் எஸ்பாபோத் பின்னர் முற்றிலும் புதிதாக எழுதினார். இன்று ஜிடிகே, கியூட், லிப்ரே ஆபீஸ், குரோமியம் உலாவி, அதன்மேல் அமைந்த எலெக்ட்ரான் ஆகிய அனைத்தும் அதனைப் பயன்கொள்கின்றன. 2017இல் வந்த ஜாவா 9உம் அதனை ஏற்றது. தமிழும் தெலுங்கும் கலந்த உரையைப் பிழையின்றிக் காட்டுதல் பெரும்பாலான கருவித்தொகுதிகளில் இன்று இயல்பாகிவிட்டது.

ஆயினும் இடைவெளிகள் உள்ளன. பைத்தான் மொழியோடு உடன்வருவதால் மாணவர் முதலில் எடுப்பது பெரும்பாலும் டிகே ஆகும். அதன் 8.6 தொடர், லினக்சில் எழுத்தமைவு இன்றியே இந்திய எழுத்துகளைக் காட்டியது. கொம்பு மெய்க்குப் பின்னே நின்றது. 16 பிட் எல்லைக்கு அப்பாற்பட்ட குறிகளையும் அத்தொடர் முழுமையாகக் கையாளவில்லை. முழுமையான ஒருங்குறி ஏற்பு 2024இல் வந்த 9.0 பதிப்பில்தான் கிட்டியது.

இவ்வெல்லை தமிழாய்வைத் தொடுவதற்குக் காரணம் உண்டு. கிரந்த எழுத்துகள் 2014இல் ஒருங்குறியின் 7.0 பதிப்பில் சேர்ந்தன. எகர ஒகரங்களையும் ழ, ற, ன ஆகியவற்றையும் கிரந்தத் தொகுதியில் சேர்க்கும் முன்மொழிவு 2010இல் தமிழகத்தில் கடும் எதிர்ப்பைச் சந்தித்தது. அவ்வெழுத்துகள் இல்லாமலே கிரந்தம் ஏற்கப்பட்டது. 2019இல் 12.0 பதிப்பில் தமிழ்ப் பின்னக் குறியீடுகளும் அளவைக் குறியீடுகளும் தனித்தொகுதியாக இடம்பெற்றன. கிரந்தமும் பின்னக் குறியீடுகளும் 16 பிட் எல்லைக்கு அப்பால் உள்ளவை. டிகே 8.6இல் கட்டிய செயலி தற்காலத் தமிழைக் காட்டுவதற்கே இடர்ப்படும். திருமலைக் கல்வெட்டைக் காட்டும் வாய்ப்பு அதற்கு அரிது.

ஹார்ஃப்பசிலும் ஒரு சிக்கல் தீரவில்லை. உரையை அமைக்குமுன் கருவித்தொகுதி அதனை எழுத்து முறைவாரியாகத் துண்டாக்குகிறது. கல்வெட்டில் கிரந்த மெய்யோடு தமிழ் உயிர்க்குறி சேர்ந்து வருமாயின், இரண்டும் வெவ்வேறு துண்டுகளாகப் பிரிந்து, உயிர்க்குறி புள்ளி வட்டத்தின் மேல் தனித்து நிற்கும். கல்தச்சர் இயல்பாகக் கலந்த எழுத்தைக் கணிப்பொறி பிரிக்கிறது. பதிப்பாசிரியர் அச்சேர்க்கையைக் கிரந்தமாகக் கொள்வதா, தமிழாகக் கொள்வதா என்று முடிவு செய்து பதிய வேண்டியுள்ளது. இது பொறியாளர் தனித்து முடிவு செய்யத்தக்கதன்று. எழுத்தியலறிஞர் வகுத்துத்தர வேண்டிய பதிப்புநெறி ஆகும்.

காட்சிக்கு அப்பால்

எழுத்து சரியாகத் தோன்றுவதோடு கருவித்தொகுதியின் கடமை முடிவதில்லை. அகரவரிசையை எடுத்துக்கொள்ளலாம். ஒருங்குறியில் நகரத்தை அடுத்து னகரமும், ரகரத்தை அடுத்து றகரமும், ளகரத்தை அடுத்து ழகரமும், அதன்பின் வகரமும் நிற்கின்றன. குறியெண் அடிப்படையில் வரிசைப்படுத்தும் கருவி 'வ'வில் தொடங்கும் சொல்லுக்கு முன் 'ழ'வை வைக்கும். புள்ளிபெற்ற மெய்யை அகரமேறிய மெய்யின் பின்னே தள்ளும். மொழிவாரி வரிசை விதிகளை அறிந்த நூலகத்தைக் கருவித்தொகுதி பயன்படுத்தினாலன்றிச் சொல்லடைவு தமிழ் மரபில் அமையாது.

தேடலிலும் இதனையொத்த இடர்ப்பாடு உண்டு. 'கொ' என்னும் எழுத்தை ஒகரக் குறி ஒன்றைக் கொண்டும் பதியலாம். கொம்பையும் காலையும் தனித்தனியே இட்டும் பதியலாம். கண்ணுக்கு இரண்டும் ஒன்றே. ஒருங்குறி விதிப்படியும் இரண்டும் சமமானவை. இயல்பாக்கம் செய்யாத செயலியோ ஒன்றைத் தேடும்போது மற்றொன்றைக் காணாது. கல்வெட்டில் 'கொண்ட' என்னும் சொல் எத்தனை இடங்களில் வருகிறது என்று எண்ணும் ஆய்வாளர் குறைந்த எண்ணிக்கையைப் பெற்று, அதனை உண்மையென்று நம்பிவிடக்கூடும். திரையில் தெரியும் பிழையினும் திரையில் தெரியாத இப்பிழையே ஆய்வு முடிவை மிகுதியும் கெடுக்கவல்லது. நீக்கல் விசையை ஒருமுறை அழுத்தினால் முழு எழுத்து நீங்குமா, உயிர்க்குறி மட்டும் நீங்குமா என்பதும் கருவித்தொகுதிதோறும் வேறுபடுகிறது.

உரிமமும் ஆயுளும்

கருவித்தொகுதியின் உரிமம் செயலியின் ஆயுளோடு தொடர்புடையது. கியூட்டின் தொடக்கால உரிமம் கட்டற்றதாக அமையாமையே 1997இல் நோம் திட்டம் தோன்றக் காரணமாயிற்று. 2000இல் அது ஜிபிஎல் உரிமத்தையும், நோக்கியாவின் உடைமையாயிருந்த 2009இல் எல்ஜிபிஎல் உரிமத்தையும் பெற்றது. உடைமையாளர் பலமுறை மாறியபோதும் அத்தொகுதி தொடர்ந்து வளர்ந்தமைக்கு மூலநிரல் திறந்திருந்தமை ஒரு காரணம். மாறாக, விசுவல் பேசிக் 6இன் வளர்ச்சிச் சூழலுக்கான ஆதரவு 2008இல் நின்றபோது, அதன்மேல் கட்டிய செயலிகளை மேம்படுத்தும் வழி அடைபட்டது. நிதி குறைந்த தமிழ்த்துறை ஒன்று ஆக்கும் செயலி, அதனை ஆக்கியவர் பணியிலிருந்து சென்ற பின்னும் இயங்க வேண்டும். அதற்கு மூலநிரல் திறந்த கருவித்தொகுதியே பாதுகாப்பானது.

உலாவியைத் தன்னுள் அடக்கிய எலெக்ட்ரான் 2013இல் தொடங்கிப் பின்னர்ப் பரவியது. எழுத்தமைவில் அது குறைபடுவதில்லை. ஆயினும் செயலிதோறும் ஓர் உலாவியைச் சுமப்பதால் நினைவகத்தை மிகுதியாகக் கொள்ளும். பழைய கணிப்பொறிகளைக் கொண்ட கல்லூரி ஆய்வகத்தில் இது பொருட்படுத்தத்தக்க குறை. கியூட்டும் ஜிடிகேயும் அவ்விடத்தில் இலகுவானவை. அவற்றுள்ளும் விண்டோஸ், லினக்ஸ் இரண்டிலும் ஒரே தன்மையில் இயங்குவதை விரும்புவோர்க்குக் கியூட் ஏற்றது. லினக்சையே முதன்மையாகக் கொண்ட நிறுவனத்துக்கு ஜிடிகே போதுமானது.

முடிவுரை

இதுகாறும் கண்டவற்றால் பின்வருவன பெறப்படுகின்றன. வரைகலைக் கருவித்தொகுதித் தேர்வு தமிழுக்கு எழுத்தமைவின் பொறுப்பை யாரிடம் ஒப்படைப்பது என்னும் தேர்வாகவே இருந்துள்ளது. எழுத்துருவிடம் ஒப்படைத்த காலத்தில் தமிழ் விரைவாகப் பரவியது. ஆயின் பதிந்தவை நிலைக்கவில்லை. கருவித்தொகுதியும் பொது இயந்திரமும் அப்பொறுப்பை ஏற்றபின் பதிந்தவை செயலியினும் நீண்ட ஆயுள் பெற்றன. தமிழையும் ஆங்கிலத்தையும் மட்டும் கருதி வகுத்த தரங்கள் தமிழும் தெலுங்கும் கலந்து வாழும் நிலத்தில் போதாமையுற்றன. எல்லைப்பகுதியின் தேவையை முதலிலேயே கருதியிருப்பின் எழுத்துரு உத்தியின் குறைபாடு விரைவில் உணரப்பட்டிருக்கும்.

தமிழ்த்துறைகள் செயலி ஆக்கத்தைப் பொறியாளரிடம் ஒப்படைக்கும்போது கருவித்தொகுதித் தேர்வில் விலகி நிற்றல் கூடாது. தமிழ், கிரந்தம், தெலுங்கு, கன்னடம், பின்னக் குறியீடு ஆகியன கலந்த சில கல்வெட்டு வரிகளைச் சோதனைப் பாடமாக வகுத்துத் தருதல் அவற்றின் கடமை. அவ்வரிகள் பிழையின்றித் தோன்றுகின்றனவா, தமிழ் மரபில் வரிசைப்படுகின்றனவா, இருவகையாகப் பதிந்த ஒகரம் ஒரே தேடலில் அகப்படுகிறதா என்று பார்த்தபின் கருவியைத் தேர்தல் வேண்டும். நான்கு எழுத்துகளையும் ஒரே சுவரில் தாங்கி நிற்கும் வேங்கடத்துக் கற்கள் அச்சோதனைக்கு வேண்டிய பாடத்தைப் பல நூற்றாண்டுகளுக்கு முன்பே அளித்துள்ளன.